ஏறி வருகிறவர்களின் கல்

பள்ளி மலருக்கு இனிய நினைவு ஒன்றை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். ஆளுக்கு இரண்டு பக்கம் என்றீர்கள். போன மாதம் நாம் கூடியபோது பேசியவர்களில் பாதிப்பேர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: ஆறாம் வகுப்பில் நாம் கட்டிய கல்மேடை. மண் சுமந்தது, அதிகாரி வந்து ரிப்பன் வெட்டியது, அன்று கிடைத்த பன், அதன் மேலிருந்த சர்க்கரை. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்த மேடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இது இனிமையாக இருக்காது. இரண்டு பக்கத்திலும் அடங்காது. மலரில் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அறுபதுகளின் தொடக்கம். கோடைக்கானலில் தை மாதம். விடியற்காலையில் புல்தரையில் உப்பைக் கொட்டியதுபோல உறைபனி படிந்திருக்கும். கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பள்ளிக்கு நடப்போம். வகுப்பறைக்கென்று ஒரு வாசனை இருந்தது. ஈரக் கம்பளி, தொண்டையில் தடவிய தைலம், டிபன் டப்பாவில் ஆறிப்போன பழைய குழம்பு, மூன்றும் கலந்த வாசனை. பதினொரு மணிக்கு மேல்தான் விரல்கள் பென்சிலைப் பிடிக்கும்.

அந்த ஆண்டுதான் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து புதிதாக ஓர் ஆசிரியர் மாற்றலாகி வந்தார். நாம் அவரைச் சேவை சார் என்றுதான் அழைத்தோம். கதர்ச் சட்டைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் குரங்குக் குல்லா. ஓயாத இருமல். அவருக்கு அது முதல் குளிர்காலம். பள்ளிப் பியூன் காய்ச்சலில் படுத்த வாரம் முழுக்கச் சாரே வெள்ளனே வந்து கூட்டினார், மணி அடித்தார். பியூன் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நல்லவர். நான் சொல்லப்போவது எதுவும் அதை மாற்றாது.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் சேவை வகுப்பு. சார் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் கைக்குட்டை முடிச்சு. காலையில் கைக்குட்டையின் முனையில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். யாருக்காவது ஓர் உதவி செய்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். மாலையில் முடிச்சோடு வருகிறவன் பெஞ்சுமேல் நிற்க வேண்டும். விளைவு உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றரை மணிக்குப் பள்ளியின் அத்தனை முடிச்சுகளும் பஜாருக்குள் இறங்கி, உதவி தேவைப்படும் ஆளைத் தேடி அலையும். காரட் விற்கும் ஓர் அம்மாவை நம்மோடு படித்த ஜீப் டிரைவரின் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஆத்தா வாங்க, ரோட்டத் தாண்டி விடுறேன்."

"ஏலே, நான் இப்பத்தான்லே அங்கிட்டிருந்து வாரேன்."

"பரவால்ல, திரும்பி வந்துக்கலாம்."

"என் காரட்ட எவன்லே பாத்துக்குவான்? ஒங்க சாரா?"

அழைத்துப் போனான். திரும்பவும் அழைத்து வந்தான். போனதற்கு ஒரு முடிச்சு, வந்ததற்கு ஒரு முடிச்சு என்று மறுநாளைக்கும் சேர்த்துக் கணக்குச் சொன்னான். அந்த அம்மா அதற்குப் பிறகு நம் சீருடையைக் கண்டாலே கூடையை இழுத்துச் சேலைக்குள் மூடிக்கொள்வார்.

சார் கரும்பலகையில் எழுதி வைத்த வாக்கியமும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்டு முழுக்க அதை அழிக்கவே இல்லை. 'கேட்டுச் செய்வது வேலை. கண்டு செய்வது தொண்டு.' உதவி வேண்டுமா என்று ஒருவரிடம் கேட்பதே அவரைக் கூசவைக்கும் என்பது சாரின் எண்ணம். தேவையை நாமே கண்டுபிடிக்க வேண்டும், சொல்லாமல் முடிக்க வேண்டும். அழகான எண்ணம். பிற்பாடு நான் பார்த்த பத்திரிகைத் தொழிலில், கேட்காமல் எழுதுவதுதான் முதல் குற்றம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது பதினைந்து ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்த பாடம்.

எனக்கு எழுத்து உருண்டையாக வரும் என்பதால் சேவைப் பதிவேடு என்னிடம் இருந்தது. பழுப்புத் தாள் அட்டை போட்ட நீளமான நோட்டு. வாரந்தோறும் செய்த தொண்டை அதில் எழுதுவேன். சார் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவார்.

ஊரின் தென் விளிம்பில், தார் ரோட்டிலிருந்து வெள்ளகவிப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை இருக்கிறதல்லவா, அதன் வாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் போய் நின்றிருக்கிறார். அன்று சந்தை. மூடுபனிக்குள்ளிருந்து முதலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். பிறகு கூடை தெரியும். கடைசியில்தான் மனிதர் தெரிவார். கமலா ஆரஞ்சு, மலைவாழைத் தார், பலா. எல்லாம் தலைச்சுமை. காலில் செருப்பு கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் போடுவதில்லை. திங்கட்கிழமை வகுப்பில் சார் அதைச் சொன்னார்.

"நாலு மணி நேரம் ஏறி வர்றாங்க. ரோட்டுக்கு வந்ததும் உட்கார ஒரு எடம் உண்டா? நம்ம யாருக்காவது அது கண்ணுல பட்டுச்சா?"

பாதை தார் ரோட்டைத் தொடும் இடத்தில் ஓர் இளைப்பாறு மேடை கட்டுவது என்று அன்றே முடிவானது. டிரைவர் மகன்தான் கையைத் தூக்கினான்.

"சார், அவங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா சார்?"

சார் சிரித்துக்கொண்டே கரும்பலகையைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

ரோடு கான்டிராக்டர் ஒருவர் ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரையும் கடப்பாரையோடு இரண்டு ஆட்களையும் தந்தார். கல்லுக்கு நாம்தான் வழி பார்க்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை சார் நம்மைப் பாதையில் கீழே அழைத்துப்போனார். கால் மணி நேரம் இறங்கியிருப்போம். பாதை அங்கே கொண்டை ஊசிபோல வளைகிறது. மேல் வளைவின் விளிம்பில் ஒரு பலகைக்கல், நான்கு முழ நீளம், தரையோடு தரையாகக் கிடந்தது. பாசி, சருகு, ஓரமெல்லாம் பெரணிச் செடி. இருக்கைக்கென்றே யாரோ அறுத்து வைத்த மாதிரி இருந்தது. நாம் கைதட்டினோம்.

அந்த இடத்தின் அமைப்பை நான் பிற்பாடு போய் நிதானமாகப் பார்த்திருக்கிறேன். அதனால் சரியாகச் சொல்ல முடியும். மேல் வளைவில் நிற்பவருக்கு அது காலடியில் கிடக்கும் கல். அதே பாதை ஓர் ஆள் உயரம் கீழே திரும்பி வருகிறது. கீழ் வளைவில், செங்குத்தான ஏற்றம் முடிந்து, தலையில் சுமையோடு நிற்பவருக்கு அதே கல் கழுத்து மட்டத்தில் வரும். இரண்டு ஊன்றுகற்களின் மேல் கிடத்திய கல் அது. பின்னால் மண் சரிந்து இடைவெளி மூடிவிட்டது; முன்னால் பெரணி மூடிவிட்டது. மேலேயிருந்து வருகிறவனுக்கு அது ஒரு கல். ஏறி வருகிறவனுக்குத்தான் அது சுமைதாங்கி. நாம் மேலேயிருந்து போனோம். பாதையில் அதற்குக் கீழே நம் வகுப்பு ஒருமுறைகூடப் போனதில்லை.

கடப்பாரை போட்டவர்களில் ஒருவர் நிறுத்தினார்.

"சார், இது நட்டு வச்ச மாதிரியில்ல இருக்கு? அடியில ரெண்டு கல்லு நிக்கிது."

சார் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார். மழைத் தண்ணீர் அரித்த தடம் ஒன்று பக்கத்தில் ஓடியது.

"வெள்ளைக்காரன் காலத்து மடையா இருக்கும்ப்பா. தண்ணி போன தடம் தெரியுது பாரு."

"என்னமோ சார்," என்று அவர் மறுபடி கடப்பாரையைப் போட்டார்.

ஊன்றுகற்கள் இரண்டையும் பிடுங்கினோம். மூன்று கற்களையும் உருளைக் கட்டைகள் மேல் வைத்துக் கயிறு கட்டி இழுத்தோம். சார் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்; மூன்றில் இழுப்போம். உள்ளங்கைகள் உரிந்தன. அந்த எரிச்சலைக் கொண்டாடினோம். உங்களில் ஒருவர் அதைப் பெருமையோடு போன மாதம் சொன்னபோது எனக்கு உள்ளங்கை மறுபடி எரிந்தது.

மேடை கட்டும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த குழாயில் பலகைக்கல்லைக் கழுவும் வேலை எனக்கும் டிரைவர் மகனுக்கும் வந்தது. தேங்காய் நாரும் மணலும் வைத்துத் தேய்த்தோம். கல்லின் நீண்ட விளிம்பு ஒன்றில் பாசி தடிமனாக இருந்தது. அதைச் சுரண்டியபோது எழுத்து தெரிந்தது. இரண்டு வரி. முதல் வரியில் ஒரு பெண்ணின் பெயர். இரண்டாவது வரியில் 'தர்மம்' என்ற சொல் மட்டும் முழுதாக இருந்தது. நான் விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன்.

"எவனோ கிறுக்கி வச்சிருக்கான் பாரு," என்றான் டிரைவர் மகன். "பரிட்சையில பெயிலானவனா இருப்பான்."

நான் சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கொத்தனார் கல்லை ஏற்றும்போது எழுத்து இருந்த விளிம்பு கரடுமுரடாக இருக்கிறது என்று அதை உள்பக்கம் திருப்பி, பின்சுவரோடு சேர்த்துச் சிமெண்டில் பதித்தார். வழவழப்பான விளிம்பு ரோட்டைப் பார்த்து நின்றது.

அன்று மாலை பதிவேட்டில் நான் எழுதினேன்: 'பாதையோரம் பயனற்றுக் கிடந்த கற்களை எடுத்துப் பயனுள்ளவை ஆக்கினோம்.' சார் அந்த வாக்கியத்தை வகுப்பில் உரக்கப் படித்தார். சிவப்பு டிக் இரண்டு போட்டார். பின்னாளில் நான் அச்சுக்கு எழுதிய எந்த வரிக்கும் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

திங்கட்கிழமை மதியம் நாம் மேடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை திறப்பு விழா. கல்வி அதிகாரி மதுரையிலிருந்து வருவதாக இருந்தது. பஜாரில் பழக்கடை வைத்திருந்த பாய், தன்னோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் சுமைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தவர் ஊர் திரும்பாமல் கடையிலேயே படுத்திருக்கிறார். அப்போது எனக்கு அவர் கிழவராகத் தெரிந்தார். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். யாரோ துரை விட்டுப்போன கோட்டு, பொத்தான் இல்லாமல் நாரால் கட்டியிருந்தது. கால்விரல்கள் விரிந்து தரையைப் பிடித்திருந்தன. தோளில் சும்மாடு. பழைய அரக்குச் சேலைத் துண்டைச் சுருட்டிச் செய்த சும்மாடு.

"சார், ஒரு சின்னச் சோலி," என்றார் பாய். "இவரு கல்லு ஒண்ணு காணாமப் போச்சு."

"கல்லா? கோடைக்கானல்ல கல்லுக்கா பஞ்சம் பாய்?" என்று சார் சிரித்தார்.

சுமைக்காரர் மேடைக்குப் போனார். பலகைக்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது ஒரு மாட்டைத் தடவுவதுபோல இருந்தது.

"இதானுங்க."

சார் புரியாமல் பார்த்தார். "உங்களுக்காகத்தானே கட்டுறோம். இனி இங்க உக்காந்து மூச்சு வாங்கலாம்."

"உக்கார்றதுக்கு இல்லீங்கய்யா. எறக்குறதுக்கு. சுமையோட உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க."

"கூட வர்றவங்க ஒரு கை குடுக்க மாட்டாங்களா?"

பாய்தான் சொன்னார்.

"மத்தவங்க ஜோடி ஜோடியா வருவாங்க சார். ஒருத்தருக்கொருத்தர் எறக்கி விட்டுக்கிருவாங்க. இவருக்குச் சம்சாரம் கூட வந்துச்சு. நெறமாசத்துல அந்தம்மா போயிருச்சு. பிள்ள உள்ளயே போயிருச்சு. அப்பிடிப் போனவங்களுக்குச் சுமைதாங்கி வைக்கிறது ஒங்க ஆளுக வழக்கமில்லையா? வயித்துச் சுமைய எறக்காமப் போன உசுரு. நாலு பேரு சுமைய எறக்குனாத்தான் அது ஆறும்னு வைக்கிறது. அன்னைலேருந்து இவரு தனியாத்தான் வருவாரு. அங்க எறக்குவாரு, மூச்சு வாங்குவாரு, தலையக் குடுத்து ஏத்திக்கிருவாரு. நேத்து எறக்காமலே வந்துட்டாரு. கடையில வந்து விழுந்தவருக்கு அரை மணி நேரம் பேச்சு வரல."

சாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். குல்லாவைக் கழற்றினார்.

"சுமைதாங்கியா? எங்க ஊர்ப் பக்கம் ரோட்டோரமா நிக்குமே. இது தரையோட தரையால்ல கெடந்துச்சு."

"மேலேருந்து வந்தா அப்பிடித்தான் தெரியுமுங்க," என்றார் சுமைக்காரர்.

சார் இருமினார்.

"பேரு வெட்டியிருக்குமே?"

"வெட்டியிருக்குங்க. ஆளு வச்சு வெட்டுனேன். எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. முன்பக்கம் இருக்கும்."

முன்பக்கம் வழவழவென்று இருந்தது. சார் குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்துத் திரும்பினார்.

"கல்லைக் கழுவினது யாரு? எழுத்து எதாவது இருந்துச்சா? இருந்துச்சுன்னா சொல்லுங்க. இப்பவே இடிச்சு எடுத்துக் குடுத்துடலாம். அதிகாரி வந்தா வரட்டும்."

பதில் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே கேள்வி கேட்கும் பெரியவர்களை நான் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். சார் அப்படிக் கேட்கவில்லை. அவர் கையில் கொத்தனாரின் கடப்பாரை இருந்தது. சிமெண்டு வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு சொல் போதும்.

டிரைவர் மகன் என்னைப் பார்த்தான். நான் சுண்ணாம்புச் சட்டியைப் பார்த்தேன். பதிவேட்டை அதிகாரி வாசிப்பார் என்று சார் சொல்லியிருந்தார். 'பயனற்றுக் கிடந்த' என்ற வரி என் கையெழுத்தில் இருந்தது, இரண்டு சிவப்பு டிக்கோடு.

"இல்ல சார்," என்றேன்.

சுமைக்காரர் கல்லின் மேலிருந்து கையை எடுத்தார். என்னை அவர் கோபமாகப் பார்க்கவில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"அப்ப இது வேற கல்லா இருக்கும்," என்றார் சார். அவர் குரலில் இருந்தது நிம்மதி. அதை நான் அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நான் கொடுத்த நிம்மதி அது. "ஆனாலும் உங்களுக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கணும். பரிட்சை முடியட்டும். அதே எடத்துல நாங்களே வேற கல்லு நட்டுத் தர்றோம்."

"இதானுங்க அய்யா," என்றார் அவர் இன்னொரு முறை, மெதுவாக. பிறகு, "சரிங்க."

பாய் போகும்போது திரும்பிப் பார்த்து, "வெரசாச் செஞ்சிருங்க சார்," என்றார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். ரிப்பன், பன், டீ. அவர் மேடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சுமப்போர் துயர் துடைக்கும் பிஞ்சுக் கைகள்," என்று பேசினார். பதிவேட்டைப் புரட்டி என் எழுத்தைப் பாராட்டினார். சார் எனக்கு ஒரு மைப்பேனா பரிசளித்தார். பச்சை உடல், பொன்னிற மூடி. அது எப்போதோ தொலைந்தது. நான் தேடவில்லை.

மேடையில் யார் உட்கார்ந்தார்கள் என்று நீங்கள் யாராவது கவனித்தீர்களா? நான் கவனித்தேன். சீசனுக்கு வந்தவர்கள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குதிரைக்காரர்கள் பீடி குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுமைக்காரர்கள் அதைத் தாண்டி நேராகப் பஜாருக்கு நடந்தார்கள். முழங்கால் உயர மேடையில் யாரும் தலைச்சுமையை இறக்க முடியாது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தச் சுமைக்காரர் விழுந்தார். பார்த்தவர் யாருமில்லை; பாய் சொன்னதுதான் எனக்குத் தெரியும். கீழ் வளைவில், கல் இருந்த இடத்தில், கூடையை அந்த மண்சுவரிலேயே சாய்த்து இறக்கப் பார்த்திருக்கிறார். நாம் ஊன்றுகற்களைப் பிடுங்கிய குழி அது. பொலபொலத்திருந்த மண் கூடையோடு சரிந்தது. பின்னால் வந்தவர்கள் முதலில் பார்த்தது பாதையில் உருண்டு வந்த ஆரஞ்சுகளை. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. கட்டிலில் வைத்து மேலே தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நம் சேவை அட்டவணையில் பங்குனியின் இரண்டாவது வெள்ளிக்கிழமை நோயாளிகளைச் சந்திக்கும் நாள். சார் பாயின் கடையில் ஒரு கூடை ஆரஞ்சு வாங்கினார். நாம் வரிசையாக வார்டுக்குள் போனோம். பினாயில் நாற்றமும், அதற்கு அடியில் வேறொரு நாற்றமும். ஆளுக்கொரு கட்டில் என்று சார் பிரித்துவிட்டார். என் கட்டிலில் அவர் படுத்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் சார் நின்றுவிட்டார். இரண்டு கைகளையும் கூப்பினார். அவரும் படுத்தபடியே கூப்பினார். சார் ஏதோ சொல்லப் பார்த்தார், இருமல் வந்தது, சன்னல் பக்கம் போய் நம் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாம் பாட்டுப் பாடி முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை.

நான் ஆரஞ்சை நீட்டினேன். அவர் வாங்கி முகர்ந்தார்.

"எங்க ஊருப் பழந்தான்," என்றார். "கெழக்குச் சரிவுல காச்சது."

தலைக்கு அடியில் தலையணைக்குப் பதில் அந்தச் சும்மாட்டை வைத்திருந்தார். பழத்தை உரித்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"ஆத்தா, நீதான கல்லக் கழுவுன பிள்ள?"

நான் தலையாட்டினேன்.

"நான் தடவிப் பாத்தேன் தாயி. அதே கல்லுதான். போகட்டும், அங்கனயே இருக்கட்டும். தார் ரோட்டுல நாலு பேரு போவாக, வருவாக. ஒண்ணு மட்டும் சொல்லு. அவ பேரு வெளிய தெரியிற மாதிரி இருக்கா?"

முதல் முறை உண்மை சொல்லியிருந்தால் அவர் கல் அவருக்குக் கிடைத்திருக்கும். இந்த முறை உண்மை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

"தெரியுது," என்றேன்.

"படிக்கிறாகளா?"

"எல்லாரும் படிக்கிறாங்க."

"அப்பச் சரி." பழத்தை இரண்டாகப் பிளந்து பாதியை என்னிடம் நீட்டினார். "தின்னு."

நான் தின்றேன். புளிப்பே இல்லாத பழம். மாலையில் பதிவேட்டில் எழுதினேன்: 'நோயாளி ஒருவருக்கு ஆறுதல் கூறினோம்.' சார் அதற்கு டிக் போடவில்லை. நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை கரும்பலகையில் அந்த வாக்கியம் இல்லை. முடிச்சுப் போட்டிருக்கிறோமா என்று அவர் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

காலில் சீழ் வைத்துவிட்டது. காலை எடுக்க வேண்டும் என்றார்களாம். கால் போனபின் என்னத்துக்கு என்று உறவுக்காரர்கள் கட்டிலில் வைத்துக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். பள்ளி மூடும் நாளன்று நான் பாயின் கடைக்குப் போனேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரும்மா," என்றார். "பத்து நாளாச்சு." பிறகு, பேச்சை மாற்றுவதுபோல, "ஒங்க சார் வந்தாரு. போன வாரம் தனியாளா ஒரு கல்லக் கொண்டுபோய் அங்கன நட்டுப் பாத்திருக்காரு. மண்ணு நிக்கலியாம்," என்றார்.

ஜூனில் பள்ளி திறந்தபோது சார் இல்லை. கீழே எங்கோ மாற்றல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

ஒரு பிள்ளையின் ஒரு சொல்லை நம்பி ஒரு பெரியவர் தன் கையிலிருந்த கடப்பாரையைக் கீழே வைத்தார். அது அவர் தவறு என்று நம் வயதுக்காரர்கள் சொல்லலாம். மேடையின் பின்பக்கச் சிமெண்டை ஒரு விரற்கடை சுரண்டியிருந்தால் போதும். ஆனால் நமக்குப் பொய் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுத்தவர் அவர். நாம் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று நம்பினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டு நான் அங்கே போனேன். ரோட்டை அகலப்படுத்தியபோது மேடையை உடைத்துவிட்டிருந்தார்கள். கற்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாக டீக்கடைக்காரர் சொன்னார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது அது எந்த விடுதியின் சுவரிலோ, எந்தப் பக்கம் திரும்பியோ இருக்கும். பாதையில் இறங்கினேன். இந்த முறை வளைவையும் தாண்டிக் கீழே போய், திரும்பி ஏறி வந்தேன். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் மட்டும். கீழ் வளைவுக்கு வந்தபோது நெஞ்சு அடைத்தது. கை தானாக மேலே போயிற்று, எதையோ பிடிக்க. அங்கே உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது.

கீழேயுள்ள ஊரில் விசாரித்தேன். அவருக்குப் பிள்ளையில்லை; உறவுக்காரர்கள் வேலை தேடிச் சமவெளிக்குப் போய்விட்டார்கள். அவரை நினைவில் வைத்திருந்த ஒரே மூதாட்டிக்கும் அவர் மனைவியின் பெயர் தெரியவில்லை. போன மாதம் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது டிரைவர் மகனின் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்: கல்லில் இருந்த பெயர் நினைவிருக்கிறதா? அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கல்லு?" என்றார்.

இந்தக் குறிப்பில் நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிழையில்லாமல் பெயர் எழுதுவதே என் பிழைப்பாக இருந்தது. ஆயிரக்கணக்கான பெயர்களைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த விளிம்பில் விரலை வைத்து, பாசியைச் சுரண்டி, எழுத்து எழுத்தாக வாசித்தேன். அதைக் கடைசியாக வாசித்தவள் நான்தான்.

அந்தப் பெயர் எனக்கு நினைவில்லை.